சும்மா இருக்கிற குரூப்

அக்கா, ஒரு உதவி. இந்தப் பையைக் கொஞ்சம் மேல வச்சுடுறீங்களா? கனம் ஒண்ணுமில்ல, ரெண்டு ராக்கெட், நாலு துணி, அவ்வளவுதான். கையைத் தலைக்கு மேல தூக்கி எதையும் வைக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லியிருக்காங்க. தேங்க்ஸ்க்கா.

இல்லக்கா, கீழ விழலை. அடியும் படலை. ஆமா, டென்னிஸ்தான். திருச்சியில காலேஜ், மூணாவது வருஷம், ஹாஸ்டல். என் பேர் தாரணி. வீடு திண்டுக்கல். நீங்க எங்க இறங்கணும்? மணப்பாறையா? அப்ப ஒரு மணி நேரம் இருக்கு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேலன்னு. எங்க காலேஜ்ல யாரும் சரியாச் சொல்ல மாட்டேங்குறாங்க.

ஜெனோவான்னு ஒருத்தி இருக்கா. ஜெனின்னு கூப்பிடுவோம். டபுள்ஸ்ல என் ஜோடி. முதல் வருஷத்துலேர்ந்து நாங்க ரெண்டு பேரும்தான் சேர்ந்து ஆடுறோம். ரூமும் ஒண்ணுதான். நல்ல பொண்ணுதான்க்கா, நான் இல்லைன்னு சொல்லலை. பொறாமையெல்லாம் கிடையாது எனக்கு. அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இந்தக் கதையைக் கேக்குறவங்க எல்லாரும் அதைத்தான் முதல்ல சொல்றாங்க.

எங்க ஜோடியில சர்வ் என்னோடது. ஆட்டத்துல முதல் சர்வ் நான்தான் போடுவேன். ஜெனி நெட்டுக்கிட்ட நிப்பா. அவளுக்குக் கால் நல்லா ஓடும், ஆனா சர்வ் சுமார். எனக்குத் தோள் அப்படி. ஒரு கையை மேலேர்ந்து, ஒரு கையைக் கீழேர்ந்து விட்டு முதுகுக்குப் பின்னாடி ரெண்டு கையையும் கோத்துக் காட்டுவேன். ஹாஸ்டல்ல எல்லாரும் செஞ்சு பார்ப்பாங்க, வராது. எங்க கோச் துரைசிங்கம் சார் புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட, "தாரணி, செஞ்சு காட்டும்மா"ன்னு சொல்லுவார். அவ்வளவு பேரு எனக்கு.

இந்த ஜூலையில ஹுமைரான்னு ஒரு அக்கா வந்தாங்க. பிசியோதெரபியில மேல்படிப்பு படிக்கிறாங்க. அதுக்கு ஒரு ஆராய்ச்சி செய்யணுமாம். டென்னிஸ் ஆடுற பொண்ணுங்க வெயிட் தூக்கினா தோள் என்ன ஆகும், இறுகிப் போகுமா, இல்ல இன்னும் நல்லா வளையுமா. இதுதான் விஷயம். மூணு காலேஜ்லேர்ந்து மொத்தம் இருபத்து நாலு பேர் சேர்ந்தோம். பன்னெண்டு பேருக்குப் பத்து வாரம் பயிற்சி. மீதிப் பன்னெண்டு பேர் எப்பவும் ஆடுற மாதிரி ஆடிக்கிட்டு இருக்கணும். கடைசியில ரெண்டு குரூப்பையும் அளந்து பார்ப்பாங்க.

யார் எந்த குரூப்புங்கிறதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தாங்க. ஒரு எவர்சில்வர் டப்பா. ஜெனி எடுத்தா, பயிற்சி. நான் எடுத்தேன், 'வழக்கமான ஆட்டம் மட்டும்'. அதாவது சும்மா இருக்கிற குரூப்.

பாருங்கக்கா. சர்வ் போடுறவ நான். தோள் எனக்குத்தான் முக்கியம். அவளுக்கு எதுக்கு?

என் முகம் போன போக்கைப் பார்த்துட்டு ஜெனி, "வேணும்னா நீ என் சீட்டை எடுத்துக்கடி"ன்னா. ஹுமைரா அக்கா உடனே, "மாத்தக் கூடாதும்மா, மாத்தினா ஆராய்ச்சியே போச்சு"ன்னாங்க. மாத்த விட மாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே ஜெனி கேட்டா? எனக்கு அப்பவே புரிஞ்சுது. இன்னொண்ணும் சொன்னாங்க, "பத்து வாரம் முடிஞ்சதும் உங்க குரூப்புக்கும் இதே பயிற்சி கண்டிப்பா உண்டு"ன்னு. நவம்பர்ல யுனிவர்சிட்டிகளுக்கு நடுவுல நடக்கிற போட்டி. பத்து வாரம் முடியிறது செப்டம்பர் கடைசி. பந்தி முடிஞ்சப்புறம் இலை போட்டு என்ன பிரயோஜனம்னு எனக்குத் தோணுச்சு.

முதல் நாள் எல்லாரையும் அளந்தாங்க. மல்லாக்கப் படுக்க வச்சு, கையைப் பக்கவாட்டுல நீட்டி முழங்கையை மடக்கச் சொல்லுவாங்க. கை மேல பார்த்து நிக்கும். அதை அப்படியே காலு பக்கமா சாய்க்கணும். தோளைத் தூக்காம எவ்வளவு சாயுதோ அவ்வளவு டிகிரி. எனக்கு வலது அம்பத்தாறு, இடது அறுபத்தஞ்சு. சர்வ் போடுற கை எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குமாம். ஜெனிக்கு வலது அம்பது. நான் கேக்கலை, அவளே வந்து சொன்னா.

பயிற்சி சாயங்காலம் நாலரை மணிக்கு, எங்க காலேஜ் ஜிம்ல. அந்த ஜன்னல் கோர்ட்டைப் பார்த்த மாதிரி இருக்கும். நான் வேணும்னு பார்க்கலை, பந்து பொறுக்கப் போனா கண்ணுல பட்டுச்சு. ரப்பர் பட்டையைக் கதவுல கட்டி இழுக்குறாங்க. குப்புறப் படுத்துக்கிட்டு ரெண்டு கையையும் பின்னாடி தூக்குறாங்க. ரெண்டு கிலோ டம்பெல்லை ஆமை மாதிரி மெதுவா, கை போற கடைசி வரைக்கும் கொண்டு போறாங்க. கடைசிக் கால் மணி நேரம் ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு ஒரு கையால இன்னொரு கையைத் தரையில அழுத்திக்கிட்டுக் கிடப்பாங்க. அது சும்மா ரெஸ்ட்டுன்னு நினைச்சேன். அதுல பார்க்க என்ன இருக்கு? அந்த நேரம் நான் தண்ணி குடிக்கப் போயிடுவேன்.

மூணாவது வாரம் ஜெனியோட சர்வ்ல சத்தம் மாறுச்சுக்கா. விளையாடுறவங்களுக்குத்தான் அது தெரியும். முன்னாடி 'டப்'புன்னு இருந்தது, 'டக்'குன்னு ஆச்சு. சார் திரும்பிப் பார்த்தார். நாலாவது வாரம், "என்னம்மா ஜெனோவா, ஆள் மாறாட்டமா?"ன்னு சிரிச்சார். அஞ்சாவது வாரம் என்னைக் கூப்பிட்டு, "தாரணி, இனி முதல் சர்வ் ஜெனோவா போடட்டும், நீ ரெண்டாவது போடு"ன்னார். ஏதோ டீ வாங்கிட்டு வான்னு சொல்ற மாதிரி சொன்னார்.

ஜெனி என்ன செஞ்சா தெரியுமா? "சார், அவளே போடட்டும் சார், இது எங்களுக்குப் பழக்கமாயிடுச்சு"ன்னா. நல்ல பேரு வாங்குறதுக்கு. சார் கேக்கலை. அவ கேட்டா அவர் கேக்க மாட்டார்னு அவளுக்கும் தெரியும்.

அப்பவும் எனக்குப் பொறாமை இல்லக்கா. வருத்தம். ராத்திரி அவ கையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தூங்குவா. தோள்ல இங்க, இந்த இடத்துல, சதை திரண்டு ஒரு கோடு விழுந்திருக்கும் அவளுக்கு. அதையே பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பேன்.

இதுல நான் ஒண்ணு செஞ்சேன். செஞ்சேன்னு ஒத்துக்குறேன். ரெண்டாவது வாரத்துலேர்ந்தே தில்லை நகர்ல ஒரு ஜிம்முக்குப் போயிட்டு இருந்தேன். காலையில பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் லேடீஸ் நேரம். பொருளாதாரம் பீரியடை விட்டுட்டுப் போவேன். அங்க இருந்த மாஸ்டர், "என்ன வேணும்மா, உடம்பு குறையணுமா?"ன்னார். "தோளுக்கு"ன்னேன். ஜன்னல்ல பார்த்ததை எல்லாம் செஞ்சேன். அவ ரெண்டு கிலோன்னா நான் நாலு. சர்வ் கைமாறின அன்னைக்கு ஏழரை எடுத்தேன். தலைக்கு மேல தூக்குறது, நெஞ்சுக்கு மேல தள்ளுறது, இதெல்லாம்தான் எனக்குப் பிடிக்கும். அந்த ரப்பர் பட்டை சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன். ஒருக்களிச்சுப் படுக்கிறதுக்கு நான் ஜிம்முக்குப் போகணுமா, ஹாஸ்டல்லயே கட்டில் இருக்கே. சாயங்காலம் கோர்ட்டுல எல்லாரும் போனப்புறம் நூறு சர்வ் கூடுதலா போடுவேன்.

வாரா வாரம் ஹுமைரா அக்கா ஒரு தாள் கொடுப்பாங்க. 'இந்த வாரம் வேறு உடற்பயிற்சி ஏதும் செய்தீர்களா?' ஆம், இல்லை. நான் 'இல்லை'யில டிக் போட்டுடுவேன். ஒரு டிக்தானேக்கா. அவங்களும் தாளை வாங்கிட்டு, "தேங்க்ஸ் தாரணி, நீங்க பன்னெண்டு பேரும் இல்லைன்னா இந்த ஆராய்ச்சியே இல்ல"ன்னுவாங்க. ஒவ்வொரு வாரமும் இதையே சொல்லுவாங்க. கேக்க எரிச்சலா இருக்கும்.

எட்டாவது வாரம் முதுகுக்குப் பின்னாடி கையைக் கோக்க வரலை. சரி, சதை போட்டிருக்கு, பலம் வருதுன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் தலை பின்ன வரலை. ஜெனி ஒண்ணும் கேக்காம சீப்பை வாங்கிப் பின்னி விட்டா. அந்த ரெண்டு வாரமும் அவதான் பின்னி விட்டா. "என்னடி ஆச்சு"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

கடைசி அளவு எடுக்கிற நாள். ஹுமைரா அக்கா என் கையைச் சாய்ச்சுப் பார்த்தாங்க. திரும்பவும் பார்த்தாங்க. மூணாவது தடவையும் பார்த்துட்டு, ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற அவங்க மேடத்தைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்களும் பார்த்தாங்க. முப்பத்தெட்டு.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"வேற ஏதாவது எக்சர்சைஸ் செஞ்சியாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்லக்கா."

"வெறும் ஆட்டத்துலயே இவ்வளவு குறைஞ்சிருக்கே"ன்னு அந்த மேடம் கிட்டத்தட்ட சந்தோஷமாச் சொன்னாங்க. "பார்த்தியா ஹுமைரா, பயிற்சி இல்லைன்னா தோள் எப்படி இறுகுதுன்னு. நல்ல ரிசல்ட்." ஹுமைரா அக்கா சந்தோஷப்படலை. அவங்க என் தோளையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

ஜெனிக்கு அம்பதுலேர்ந்து அறுபத்தொண்ணு.

மறுநாள் காலையில ஹுமைரா அக்கா கோர்ட்டுக்கே வந்து துரைசிங்கம் சார்கிட்டப் பேசினாங்க. தூரத்துலேர்ந்து பார்த்தேன். சார் என்னைக் கூப்பிட்டார். "தாரணி, ஆட்டத்துலயே உன் தோள் இந்த அளவுக்கு இறுகியிருக்குன்னா, இன்னும் ஆடினா உள்ள கிழிஞ்சுடுமாம். ரெண்டு மாசம் சர்வ் கிடையாது. நவம்பர் போட்டிக்கு ஜெனோவாகூட அபிநயா ஆடட்டும்."

அபிநயாவாம்க்கா! முதல் வருஷம். சுவரைப் பார்த்து அடிச்சுப் பழகிட்டு இருந்தவ.

எனக்கு ஒண்ணும் ஓடலை. ஜெனி பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டு வந்துக்கிட்டு இருந்தா. நேரா போய் நின்னேன். எல்லாரும் இருந்தாங்க, அதைப் பத்தி நான் யோசிக்கலை.

"இப்ப உனக்குத் திருப்தியாடி? சர்வையும் வாங்கிட்ட, என்னையும் தூக்கிட்ட. நீதானே அந்த அக்காகிட்ட ஏதோ சொல்லிக் கொடுத்த?"

ஜெனி பாட்டிலை மூடினா. மெதுவாத்தான் பேசினா. "சொல்லிக் கொடுக்கணும்னா நாலாவது வாரமே சொல்லியிருப்பேன். தில்லை நகர்ல நீ அந்த ஜிம்லேர்ந்து இறங்கி வர்றதை பஸ்ல இருந்து பார்த்தேன். சொன்னா உன் பேரை அடிச்சுடுவாங்க, அப்புறம் உனக்கு அந்தப் பத்து வாரப் பயிற்சி கிடைக்காதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீயே சொல்லுவேன்னு தினமும் பார்த்தேன். தலை பின்னிவிட்டப்பல்லாம் இன்னைக்குச் சொல்லுவா, இன்னைக்குச் சொல்லுவான்னு இருந்தேன்."

"அப்ப ஏன் கேக்கலை?"

"கேட்டா பொய் சொல்லுவடி. அதைக் கேக்க எனக்கு இஷ்டமில்ல."

எப்படிப் பேசுறா பாருங்க. அஞ்சு நிமிஷத்துல அத்தனை பேர் முன்னாடியும் நான் கெட்டவ, அவ நல்லவ.

ஆனா அவ சொன்னதுல எனக்கு ஒரு வழி தெரிஞ்சுது. ஆட்டத்தால இறுகலை, ஜிம்மாலதான் இறுகுச்சுன்னு தெரிஞ்சா, ஜிம்மை நிறுத்திட்டா போதும், ஆடலாம்ல? நேரா ஹுமைரா அக்கா இருக்கிற டிபார்ட்மென்ட்டுக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். ஏழரை கிலோ வரைக்கும் சொன்னேன். சொல்லிட்டு, "அதனால சார்கிட்டச் சொல்லுங்கக்கா, நான் ஆடலாம்னு"ன்னு முடிச்சேன்.

அவங்க பேனாவைக் கீழ வச்சாங்க. அப்புறம், "ரப்பர் பட்டை இழுத்தியா?"ன்னாங்க. இல்லைன்னேன். "கடைசியில படுத்துக்கிட்டு அழுத்துறது?" இல்லைன்னேன். "சாயங்காலம் கூடுதலா எத்தனை சர்வ்?" நூறுன்னேன். கண்ணை மூடிக்கிட்டாங்க.

அப்புறம் ஒரு பெரிய தாளை எடுத்தாங்க. இருபத்து நாலு வரி. பேர் இல்ல, நம்பர்தான். நான் பதினேழு. ஸ்கேல் வச்சு பதினேழாவது வரி மேல ஒரு கோடு இழுத்தாங்க.

"நேத்து எங்க மேடம் இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டாங்க"ன்னாங்க. "இதை எடுத்துட்டா ரெண்டு குரூப்புக்கும் நடுவுல வித்தியாசம் குறைஞ்சுதான் வரும். பரவாயில்ல. உள்ளது அவ்வளவுதான்னா அவ்வளவுதான்."

"அப்ப நான் ஆடலாமாக்கா?"

அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே. கோபமா இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். "தாரணி, எதனால இறுகுச்சுங்கிறது எனக்கு வேணும். உன் தோளுக்கு எதனாலன்னு தெரியாதும்மா. அது இறுகியிருக்கு, அவ்வளவுதான்"ன்னாங்க. "திங்கட்கிழமை நாலரைக்கு வந்துடு. உங்க குரூப்புக்குப் பயிற்சி ஆரம்பிக்குது."

பேரை அடிச்சப்புறமும் எதுக்கு வரச் சொன்னாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. வேற ஏதோ ஆராய்ச்சி இருக்கும்.

ஜெனியும் நானும் பேச்சை நிறுத்திட்டோம். ஒரே ரூம்ல, சோப்பு டப்பாவைக்கூட ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம எடுத்து வைப்போம்.

நவம்பர் வந்துச்சு. போட்டி கோயம்புத்தூர்ல. சார் என்னை ரிசர்வ்னு கூட்டிட்டுப் போனார். ரிசர்வ்னா துண்டும் தண்ணியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஜெனியும் அபிநயாவும் மூணு ரவுண்டு ஜெயிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் கை தட்டினேன். தட்டலைன்னா பேசுவாங்கல்ல.

இப்ப சொல்றதை நான் காலேஜ்ல யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க மணப்பாறையில இறங்கிடுவீங்க, அதனால சொல்றேன்.

செமி ஃபைனல். முதல் செட் ஜெனி ஜோடி ஜெயிச்சுடுச்சு. ரெண்டாவது செட்டுல ஜெனியோட சர்வ் வெளியே போக ஆரம்பிச்சுது. ரெண்டு சர்வும் வெளியே போனா பாயிண்ட் எதிராளிக்குன்னு தெரியும்ல? அப்படியே வரிசையா போச்சு. ஏன்னு சாருக்குப் புரியலை. "கால் மடக்கும்மா, மூச்சு விடும்மா"ன்னு கத்துறார். எனக்குப் புரிஞ்சுது. ரெண்டாவது சர்வ்லயே புரிஞ்சுடுச்சு. பந்தைத் தூக்கிப் போடுறா பாருங்க, அது இடது பக்கமா தலைக்குப் பின்னாடி போகுது. களைச்சுப் போனா அவளுக்கு அப்படித்தான் ஆகும். மூணு வருஷமா பார்க்குறேன். நான் கூட ஆடினா நெட்டுக்கிட்டருந்து திரும்பி வலது காதைத் தொடுவேன். அவ சரி பண்ணிக்குவா. அது எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம்.

அபிநயாவுக்கு என்ன தெரியும்? அவ முன்னாடி பார்த்துக்கிட்டு நிக்கிறா.

அப்ப ஜெனி நிமிர்ந்து கேலரியைப் பார்த்தா. என்னை. ஒன்றரை மாசமா பேசலை, ஆனா பார்த்தா. பந்தைத் தரையில தட்டிக்கிட்டே பார்த்துக்கிட்டு நிக்கிறா. நான் குனிஞ்சு போனை எடுத்துட்டேன்.

போன்ல ஒண்ணுமே இல்லக்கா. ஸ்கிரீன்கூட ஆன் பண்ணலை.

அடுத்த சர்வுக்கு முன்னாடியும் பார்த்தா. அது எப்படித் தெரியும்னா, தெரியும். குனிஞ்சிருந்தாலும் தெரியும். அப்புறம் பார்க்கலை. அந்த செட் போச்சு. மூணாவது செட்டும் போச்சு. கடைசிப் பாயிண்ட் அவளோட சர்வ்தான், ரெண்டும் வெளியே.

சந்தோஷமா இருந்துச்சான்னா, இருந்துச்சு. ஒரு ரெண்டு நிமிஷம் நல்லாவே இருந்துச்சு. அப்புறம் அபிநயா ஓன்னு அழுதா, ஜெனி அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு நெட்டுக்குப் போய் எல்லாருக்கும் கை கொடுத்தா. சார், "முதல் சர்வ் இவகிட்டக் கொடுத்ததே என் தப்பு"ன்னு எனக்குக் கேக்குற மாதிரி சொன்னார். அஞ்சாவது வாரத்துலேர்ந்து நான் கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்த வார்த்தை அது. கேட்டதும் இனிக்கலை. ஏன்னு தெரியலை. மதியம் சாப்பிடலை.

ஊருக்கு வந்து ஒரு வாரம் ஜெனி கோர்ட்டுப் பக்கமே வரலை. நான் பாட்டுக்கு ஹுமைரா அக்கா பயிற்சிக்குப் போயிட்டு இருந்தேன். ரப்பர் பட்டை இழுத்தா அழுகை வருதுக்கா, அவ்வளவு பலவீனமா இருக்கு தோளோட பின்பக்கம். சின்னப் பிள்ளை விளையாட்டுன்னு நினைச்சேனே, இருக்கிறதுலயே லேசான மஞ்சள் பட்டையையே பத்துத் தடவை இழுக்க முடியலை. எனக்கு இப்ப நாப்பத்தொன்பது டிகிரி. ஜெனிக்கு இப்ப எவ்வளவுன்னு கேட்டேன். "அது உனக்கு எதுக்கு? உன் இடது தோளைப் பார்த்துக்கோ, அதை எட்டணும்"ன்னாங்க. நான் ஜெனி பையில அளவுத் தாளைப் பார்த்துட்டேன், அறுபத்திரண்டு.

போன சனிக்கிழமை ஜெனி ராக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில தள்ளினா. தள்ளிட்டு உக்காந்துக்கிட்டு இருந்தா. எனக்குத் தாங்கலை.

"பந்து இடது பக்கமா போச்சுடி"ன்னேன். "ரெண்டாவது செட்டுல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும். நான் பார்த்தேன்."

அவ திரும்பவே இல்ல. "நீ பார்த்தேன்னு எனக்குத் தெரியும்"ன்னா.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"நீ போனை எடுத்தப்புறம் என்னத்தைக் கேக்கச் சொல்ற?"

அதோட போயிடுவான்னு நினைச்சேன். வேற ரூம் கேப்பான்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு ராக்கெட்டை வெளியே இழுத்தா. பந்துக் கூடையைத் தூக்கினா. "வா"ன்னா. அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லலை. மன்னிச்சுட்டேன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை.

வெயில் நல்லா அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கோர்ட்டுல யாரும் இல்ல. நான் நெட்டுக்கிட்ட நின்னேன், அவ கோட்டுக்குப் போனா. "பார்த்துச் சொல்லு"ன்னா. முதல் பந்து. இடதுன்னேன். ரெண்டாவது, இடது. மூணாவது கொஞ்சம் முன்னாடின்னேன். நாப்பது பந்து, அம்பது பந்து போட்டிருப்பா. எனக்குச் சர்வ் போட அனுமதி இல்ல, வாயால மட்டும்தான் சொல்ல முடியும்.

அப்புறம் ஒண்ணு போட்டா பாருங்கக்கா. பந்து நேரா மேல போச்சு, கை முழுசா நீண்டுச்சு, தோள் அப்படியே எண்ணெய் போட்ட மாதிரி சுத்துச்சு. என் காதோரமா போய் கோட்டுல விழுந்துச்சு. அந்த மாதிரி ஒரு சர்வ் நான் என் வாழ்க்கையில போட்டதில்ல.

அவ அங்கேயே நின்னு என்னைப் பார்த்தா.

வயிறு எரிஞ்சுதுக்கா. உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, பத்திக்கிட்டு எரிஞ்சுது.

"சரியா இருக்கு"ன்னேன். "இப்படியே போடு."